இரண்டு துண்டு மீசை

ஒட்டு மீசை வைத்துக்கொண்டவர்களைக் கேட்டால் முதலில் அதன் வாடையைத்தான் சொல்வார்கள். மூக்குக்கு நேர் கீழே ஸ்பிரிட் கம் பூசுவார்கள். பிசினை ஸ்பிரிட்டில் கரைத்த பசை அது. ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பஞ்சில் துடைக்கிற வாடையும், பீரோவுக்கு வார்னிஷ் அடித்த வாடையும் ஒன்றாக ஏறும். ஸ்பிரிட் ஆவியாகிப் பிசின் மட்டும் தோலில் மிஞ்சுகிற வரைக்கும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் வசனத்தை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைப்போம். முதல் வரியே வராது.

எனக்கு அது வாய்த்தது எண்பதுகளின் நடுவில், கோவில்பட்டியில், நான் படித்த பெண்கள் பள்ளியின் ஆண்டு விழாவில். நாடகம் கட்டபொம்மன். எங்கள் பக்கத்தில் வேறு என்ன போடுவார்கள்? தெற்கே பஸ் ஏறினால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்ட ஊர். சிவாஜி கணேசன் தன் செலவில் வைத்த கட்டபொம்மன் சிலை அங்கே ரோட்டோரத்தில் நிற்கிறது. கிழக்கே எட்டயபுரம். இன்னும் தள்ளிப் போனால் பாஞ்சாலங்குறிச்சி, 1974இல் கட்டிய நினைவுக் கோட்டையோடு. கல்யாண வீடு, சடங்கு வீடு எதுவானாலும் குழாய் ரேடியோவில் சிவாஜி கட்டபொம்மனாக நடித்த 1959ஆம் வருஷத்துப் படத்தின் கதை வசனம் முழுசாக ஓடும். வாய்ப்பாடு வராத பிள்ளைகளுக்குக்கூட அந்த வசனம் வரும். கட்டபொம்மன் என்றால் எங்களுக்குத் தெரிந்த முகம் சிவாஜி முகம், தெரிந்த மீசை சிவாஜி மீசை.

வகுப்பில் உயரமும் தொண்டையும் எனக்கு இருந்ததால் தலைமை வேடம் என்னிடம் வந்தது. ஜாக்சன் துரைக்கு ஒருத்தி, வெள்ளையத்தேவனுக்கு ஒருத்தி என்று மளமளவென்று முடிந்துவிட்டது. காட்டிக்கொடுத்தவன் என்று பேர் வாங்கிய எட்டயபுரத்து எட்டப்பனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. எட்டயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த இரண்டு பேர், அந்த வேடம் இருக்கிற நாடகத்தில் திரை இழுக்கக்கூட வர மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டார்கள். "டீச்சர், பாரதியாரும் எங்க ஊருதான். அதையும் ஒரு வரி சேத்துச் சொல்லச் சொல்லுங்க" என்று பேரம் வேறு. தமிழ் டீச்சர் சேர்த்தார். 1882இல் பிறந்தவர் 1799இல் நடக்கிற நாடகத்துக்குள் எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒத்திகை முழுக்க என் மீசை கண்மைதான். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வீட்டு மை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் வரை அழகாக இருக்கும். எழுந்து நின்று நாலு வரி கத்தினால் மேலுதட்டில் வேர்வை அரும்பும், மை இறங்கி உதட்டோரத்துக்கு வந்துவிடும். இன்னொரு தடவை கைத்தொழில் வகுப்பில் மிஞ்சிய கறுப்புக் கம்பளி நூலை மைதா பசையில் ஒட்டிப் பார்த்தோம். பசை காய்ந்ததும் விறைத்து, பேச வாயைத் திறந்ததும் ஒரு பக்கம் பெயர்ந்து கன்னத்தில் தொங்கியது. 'தில்லு முல்லு' படம் 1981இல் வந்திருந்தது. ஒரே ஆள் மீசையோடு ஒருவனாகவும் மீசையில்லாமல் தம்பியாகவும் முதலாளியை ஏமாற்றுகிற கதை. பிறகென்ன, அந்த முதலாளியாக வந்த தேங்காய் சீனிவாசன் குரலில் என்னை மிரட்டுவதற்கென்றே ஒருத்தி தினமும் வந்தாள். சைக்கிள் கடை சொல்யூஷன் போடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. டீச்சர் முறைத்த முறைப்பில் அது அப்படியே அமுங்கியது.

அவர்தான் கடைசியில் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார். ஒரு காலத்தில் நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகப் போனவர். பிறகு ஸ்பெஷல் நாடகங்களுக்கு மேக்கப் போட்டார். நான் பார்த்தபோது நாடகச் சாமான்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தகரப் பெட்டிகளுக்குள் ஜிகினா அங்கி, அட்டைக் கிரீடம், தகர வாள், டோப்பா எல்லாம் அந்துருண்டை வாடையோடு கிடக்கும். மீசைகளை மட்டும் பெட்டிக்குள் போட மாட்டார். காலண்டர் அட்டையில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். முறுக்கு மீசை, கெடா மீசை, போலீஸ்காரன் மீசை, பென்சில் மீசை. ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலால் எழுதிய பெயர்: எமன், அரிச்சந்திரன், கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளைக்கு மெல்லிசாக, உதட்டுக்குக் கோடு போட்டதுபோல ஒன்று. பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் ஆள் தெரிந்துவிடும்.

அவை வலை மீசைகள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைத்துணியில், நுனி வளைந்த ஊசியால் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போட்டுச் செய்வது. வலையின் ஓரம் தோலோடு படிந்துவிட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. "இதெல்லாம் என்ன முடி அண்ணாச்சி?" என்று கேட்டேன். "பொம்பளை முடிதான் தாயி. ஆம்பளைக்கு இம்புட்டு நீளம் எங்க இருக்கு? முடிச்சுப் போட நீளம் வேணும்லா" என்றார். எமனுக்கும் அரிச்சந்திரனுக்கும் மீசை கொடுத்தது யார் வீட்டுப் பின்னலோ.

அந்த அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து என் முகத்தில் வைப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. ஒரு நூலை எடுத்து என் வாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்தார். பிறகு "பல்லு தெரியச் சிரி" என்றார். சிரித்தேன். "கோவமாக் கத்து." கத்தினேன். "இப்ப மெதுவா, ஆனா கோவமாப் பேசு." அது கஷ்டமாக இருந்தது. நான் பேசப் பேச, கன்னம் மடிகிற இடத்திலும் மேலுதடு அதிகமாக ஏறி இறங்குகிற இடத்திலும் புருவப் பென்சிலால் புள்ளி வைத்தார். அந்த இடங்களில் பசை போகக் கூடாதாம். ஆடுகிற தோலில் ஒட்டினால் அங்கேதான் முதலில் பெயரும். அட்டையில் இருந்தவை வளர்ந்த ஆண்களின் வாய்க்குச் செய்தவை. என் முகத்தில் வைத்தால் வாயை மூடிவிடும். "ஒனக்குக் கிரேப்புலதான் கட்டணும்" என்றார்.

கிரேப் என்பது கம்பளி இழையை இரண்டு கயிறுகளுக்கு நடுவே இறுக்கிப் பின்னிய சரம். வேண்டிய நீளத்துக்கு வெட்டிக் கயிற்றை உருவிவிட்டால் இழை சுருண்டு சுருண்டு பொங்கி நிற்கும். அப்படியே ஒட்டினால் ஆட்டுக்குட்டிதான். விழாவுக்கு முதல் நாளே அதை நனைத்து, இழுத்து, எங்கள் ஸ்டாஃப் ரூம் நாற்காலிக் கால்களுக்கு நடுவே கட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அந்த நாற்காலிக்குரிய கணக்கு டீச்சர், தன் காலடியில் யார் சடையைக் கட்டிப்போட்டது என்று ஒரு பாட்டம் சத்தம் போட்டார். காய்ந்ததும் சுருள் போய் லேசான நெளிவு மட்டும் மிஞ்சியிருந்தது. கறுப்போடு கொஞ்சம் காப்பிப் பொடி நிறத்து இழையையும் கலந்து சீப்பால் வாரினார். சுத்தக் கறுப்பு மட்டும் என்றால் மேடை விளக்கில் ஒரே பட்டையாகத் தெரியும், முடியாகத் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் முதல் வேலை, சோப்புப் போட்டு முகம் கழுவுவது. எண்ணெய்ப்பசை இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. பிறகு மேலுதட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, சவரக்கடையில் தடவுகிற படிகாரத்தை ஒரு தேய் தேய்த்தார். தோல் சுருக்கென்று இறுகியது; வேர்வையைக் கொஞ்ச நேரத்துக்காவது கட்டிப்போடும் என்றார். மீசை வரப்போகிற இடத்தில் பென்சிலால் மங்கலாகக் கோடு கோடாக நிழல் கொடுத்தார். முடிக்கு நடுவே வெள்ளைத் தோல் பளிச்சிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா? அப்புறம்தான் பசை. மெல்லிசாகப் பூசி, விரல் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்தார். விரலை எடுக்கும்போது இழை இழுக்கிற பதம் வந்ததும், இழைகளை விரலிடையில் சிறு சிறு கொத்தாகப் பிடித்து, நுனியைச் சாய்வாக வெட்டி, வாய்க்கோடியிலிருந்து மூக்கை நோக்கி வைத்துக்கொண்டு வந்தார். கீழ்வரிசை முதலில், அதன் வேரை மறைத்து மேல்வரிசை, ஓடு வேய்கிற கணக்கில். ஒவ்வொரு கொத்தையும் ஈரத்துணியால் அழுத்துவார். ஈரம் என்றால் பிழிந்து உதறிய ஈரம். தண்ணீர் பட்டால் பசை வெளுத்துவிடும்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் தனியாக முடிந்தது. நடுவே, மூக்குக்குக் கீழே பள்ளம் விழுகிற இடத்தில் எதுவும் வைக்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று விரலைக் கொண்டுபோனேன். கையில் ஒரு தட்டு விழுந்தது. அந்த இடைவெளிதான் எல்லாம் என்று பின்னாளில் எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முழு மீசையாக ஒரே பட்டையாய் ஒட்டினால் மேலுதடு கட்டிப்போட்டதாகிவிடும். ப, ம, வ எல்லாம் மழுங்கும். இரண்டு துண்டாக வைத்தால் உதடு நடுவில் மடிந்து நிமிரும், பேச்சு சுத்தமாக வரும். நாலு அடி தள்ளி நிற்கிறவர் கண்ணுக்கு அது ஒரே மீசைதான்.

அப்புறம் கத்தரிக்கோலை எடுத்தார். சீப்பால் வார உதிர வேண்டியது உதிர்ந்தது. மிச்சத்தை வெட்டினார், இன்னும் வெட்டினார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. நான் ஆசைப்பட்டது கயத்தாறு சிலையின் மீசையை.

"அண்ணாச்சி, சின்னதாப் போச்சே."

"நீ பேசுதது கடைசி பெஞ்சுல இருக்கவனுக்குக் கேக்கணும்லா? அதுக்குத்தான் வெட்டுதேன். ஆடாம இரு."

நுனிக்கு மெழுகுவத்தித் துண்டை விரலில் உருக்கித் தடவி மேல்நோக்கி முறுக்கினார். முறுக்கின நுனிக்குப் பசை கிடையாது. கன்னத்திலிருந்து ஒரு நூலளவு விலகிக் காற்றில் நிற்கும். சிரித்தால் கன்னம் அதைத் தள்ளாது. இறங்குகிற கிருதாவையும் வைத்துத் தலைப்பாகை கட்டியதும் கண்ணாடிக்குள் எனக்குத் தெரியாத ஒரு பையன் நின்றான். பதினாறு வயசு மதிக்கலாம், கொஞ்சம் முரடு. சிவாஜி இல்லைதான். ஆனால் நம்பும்படி இருந்தான். மீசை இன்னும் ஒரு விரற்கடை பெரிதாக இருந்திருந்தால் மீசையை மட்டும்தான் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு அப்போதே பட்டது.

ஒட்டிக்கொண்டே அண்ணாச்சி கதையும் சொன்னார். ராஜபார்ட் போட்ட பெண்களுக்கு மீசை வைத்த அனுபவம் அவருக்கு உண்டு. கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கை நின்றுவிடும். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்து லட்ச ரூபாய் வாங்கியவர் என்பதை, தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் குரலில் சொன்னார். 1941இல் 'சாவித்திரி'யில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக வந்தார். இரண்டுமே மீசையில்லாத வேடங்கள் என்பது பிற்பாடு எனக்குத் தோன்றியது. பாடுகிறவர்களின் வாயைக் கட்டக் கூடாது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நந்தனாரையும் நாரதரையும் அப்படித்தான் காட்டுவது வழக்கம். ஆனாலும் அந்தக் குரல்களுக்கு முன்னால் ஒரு கம்பளிச் சரம் நிற்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இதற்கு நேர் எதிராக ஆண்கள் பெண் வேடம் கட்டியதற்குத்தான் கணக்கே கிடையாது. சிவாஜியே இளவயதில் மேடையில் நூர்ஜகானாக வந்தவர்.

ஜாக்சன் துரையின் மீசை அண்ணாச்சி கைக்கு வரவில்லை. அந்தப் பெண்ணின் அத்தை வீட்டிலேயே சணலை மஞ்சளில் தோய்த்துச் செய்து கொண்டுவந்திருந்தார். இரண்டு பக்கமும் கன்னம் வரை போகும். அண்ணாச்சி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சரித்திரப்படி பார்த்தால் அதற்கு அங்கே வேலையே இல்லை. கட்டபொம்மன் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது 1798இல். அந்தக் காலத்து ஆங்கில அதிகாரிகள் பெரும்பாலும் மழித்த முகத்தோடுதான் இருந்தார்கள். பட்டாளத்து வெள்ளைக்காரர்களுக்கு மீசை மோகம் பிடித்ததெல்லாம் பிறகுதான். 1860 முதல் 1916 வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் மேலுதட்டை மழிக்கக் கூடாது என்று விதியே இருந்தது. ஆக எங்கள் ஜாக்சன் அறுபது வருஷம் முந்திப் பிறந்த மீசையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மிரட்ட வேண்டிய வசனத்தில் பாதி சணலுக்குள்ளேயே போய்விட்டது. மீதியைக் கேட்டுச் சனம் சிரித்தது. பாவம், நன்றாக நடிக்கிற பெண்.

மேடையில் எனக்கிருந்த பெரிய சோதனை வேறு. கட்டபொம்மன் என்றால் மீசையை முறுக்க வேண்டும். முறுக்காவிட்டால் ஊர் ஒப்புக்கொள்ளாது. ஆனால் மெழுகு வைத்த நுனியில் விரல் பட்டால் கொத்தோடு கையில் வந்துவிடும். அண்ணாச்சி அதற்கும் வழி வைத்திருந்தார். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து, மீசை நுனிக்கு ஒரு விரற்கடை தள்ளிக் காற்றை முறுக்க வேண்டும். முழங்கை மட்டும் நன்றாக உயர வேண்டும். கண் கையைப் பார்க்கக் கூடாது, எதிராளியைப் பார்க்க வேண்டும். திரைக்குப் பின்னால் என்னை முறுக்க வைத்து முறுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அந்த இடத்தில் விசில் பறந்தது. பெண்கள் பள்ளியில் விசில் அடித்தது யார் என்று மறுநாள் விசாரணைகூட நடந்தது. மீசையைத் தொடாமலே முறுக்கினேன் என்பது இன்று வரை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கூட்டத்தில் தாத்தா இருந்தார். எங்கள் குடும்பத்தில் சொந்தமாக முறுக்கு மீசை வைத்திருந்த ஒரே ஆள். தினமும் விளக்கெண்ணெய் தொட்டு நீவி, சின்ன மரச்சீப்பால் வாரிவிடுகிறவர். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து என் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பாராட்டப்போகிறார் என்று பல்லைக் காட்டினேன். "வலப்பக்கம் ஒரு நூல் ஏறிக் கெடக்கு" என்றார். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "ஆமா பெரியவரே, பிள்ளைக்கு வாயே ஒரு பக்கம் கோணல். அதுக்குத்தக்க வெச்சிருக்கு" என்றார். இரண்டு பேரும் என் வாயை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நடிப்பைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கழற்றுகிறபோது பிய்த்து எடுக்கப்போன என் கையை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சை ஓரத்தில் ஊறவிட்டு, பசை இளகியதும் மேலிருந்து கீழாக உருட்டி எடுத்தார். அப்படியும் மேலுதட்டுப் பூனைமுடி கொஞ்சம் அதோடு போயிற்று. இப்போது பியூட்டி பார்லரில் காசு கொடுத்துச் செய்துகொள்வதை அன்றைக்குக் கட்டபொம்மன் இலவசமாகச் செய்துவிட்டுப் போனார்.

மீசை ஒட்டுகிற வேலை அதோடு என்னை விடவில்லை. நானும் டீச்சரானேன். மாறுவேடப் போட்டி என்று சுற்றறிக்கை வந்தாலே சக ஆசிரியர்கள் என் மேசைக்கு வந்துவிடுவார்கள். இப்போது பாதிக் குழந்தைகள் பாரதியாராகத்தான் வருகிறார்கள். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ரெடிமேட் மீசை. பின்னால் இருபக்கப் பசை நாடா ஒட்டிய நைலான் மீசை அது, பளபளவென்று மின்னும். பெரியவர்கள் முகத்துக்குச் செய்ததை எல்.கே.ஜி. முகத்தில் ஒட்டினால் கண்ணுக்குக் கீழே எல்லாம் மீசையாகிவிடும். முதலில் பவுடரைத் தொட்டு மினுமினுப்பைக் கொல்வேன். பிறகு நடுவில் வெட்டி இரண்டாக்குவேன். உதட்டின் மேல் விழுகிற விளிம்பைச் சாய்வாகக் கத்தரித்து, நுனியைப் பேனாவில் சுற்றி வளைப்பேன். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் அதுவும் வேண்டாம், புருவப் பென்சில் போதும். ஒரே தடித்த கோடாக இழுக்காமல், வேரிலிருந்து வெளிநோக்கிச் சின்னச் சின்னக் கீற்றாக வரைய வேண்டும். ஸ்பிரிட் கம்மைப் பிஞ்சுத் தோலில் பூச விட மாட்டேன். பாரதி 39 வயது முடியும் முன்னே போய்விட்டவர். தாத்தா மீசை அவருக்கு எதற்கு?

அம்மாக்களிடம் இது எடுபடுவதில்லை. போன ஆண்டு விழாவில் ஒரு குட்டி பாரதிக்கு இப்படி வரைந்துவிட்டேன். கிட்டத்தில் பார்த்தால் கீற்று, தூரத்தில் நின்றால் அரும்பு மீசை. "இவ்வளவுதானா மிஸ்?" என்றார் அம்மா. "பேசட்டும், பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தைக்குத் தலைப்பாகை கட்டப் போனேன். மைக்கில் அவள் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கணீரென்று சொல்லி முடித்தாள். பரிசு வாங்க அழைத்தபோது நிமிர்ந்து பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில் போய்த்தான் நிற்கிறது மீசை, மைப் பென்சிலில் தடிதடியாக. பரிசை வாங்கும் முன் போட்டோ எடுக்க வேண்டுமே என்று அம்மாவே கூட்டிப்போய்த் திருத்தியிருக்கிறார். சட்டம் போட்டு அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.